ஷீபாவின் மறுதேர்வும் சிவப்பிரகாசம் ஆசிரியரின் வயிறும்

அனுப்புநர்
லூசி மத்தியாஸ்,
உரிமையாளர், சமையலர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர்,
லூசி மெஸ், கப்பல் ஜெட்டிக்கு எதிர்ப்புறம்,
ஃபீனிக்ஸ் பே, போர்ட் பிளேர்.

பெறுநர்
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கக் கல்விப் பிரிவு,
போர்ட் பிளேர்.

பொருள்: ஐந்தாம் வகுப்பு மாணவி ஷீபாவுக்கு மறுதேர்வை எழுத்தில் வைக்காமல் வாய்மொழியாகவும் பொருள்களை வைத்தும் நடத்தக் கோருதல் – அதன் பொருட்டு என் மெஸ்ஸில் ஒரு நாள் நடந்த சம்பவத்தை நானே ஒப்புக்கொள்ளுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் எழுதி எனக்குப் பழக்கமில்லை. மெஸ் நடத்துபவள் என்பதால் என்மீது பிறர் சொல்லும் புகாரைக் கேட்டுத்தான் பழக்கம். ஆகவே முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எண் போட்டு எழுதினால்தான் அலுவலகத்தில் படிப்பார்கள் என்று ஜெட்டி டிக்கெட் கவுண்டரில் சொன்னார்கள். அதனால் எண் போட்டிருக்கிறேன்.

1. நான் கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் கணவர் மத்தியாஸ் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறார். கேம்பல் பே போனால் திரும்பி வர நாளாகும். கடல் முரண்டு பிடித்தால் இன்னும் நாளாகும். எங்கள் ஒரே மகள் ஷீபா பக்கத்திலுள்ள தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பள்ளியில் மட்டும்தான் இப்படி என்று தாங்கள் நிம்மதியாக இருந்துவிடக்கூடும். வகுப்பாசிரியரின் பெயரை எழுதாமல் இருக்க முடியவில்லை. அவருடைய வயிறு இந்த மனுவில் முக்கிய இடம் வகிக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. ஷீபாவின் கண்ணுக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் கொம்பு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும். நான் கண் கோளாறு என்று நினைத்து மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். கண்ணாடி போட்ட பிறகு, எழுத்துகள் ஓடுவது முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றாள். பிறகு மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். இது ஒரு வகைக் கற்றல் சிரமம், அறிவில் ஒரு குறையும் இல்லை, வாயால் கேட்டால் சொல்வாள், கையால் செய்யச் சொன்னால் செய்வாள் என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பள்ளியில் கொடுத்தேன். பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். கோப்பு நலமாக இருப்பதாக விசாரித்து அறிந்தேன்.

3. பள்ளியில் இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுத வேண்டும். ஷீபா முதல் வரியில் எழுதியதைப் பார்த்துத்தான் மற்ற வரிகளை எழுதுவாள். முதல் வரியே பிழை என்பதால் ஒரு பிழை நூறாகப் பெருகி, மறுநாள் அதற்கும் தண்டனை. இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. தங்களிடம் கணித ஆசிரியர்கள் இருப்பார்கள், கேட்டுச் சொல்லவும்.

4. வாய்ப்பாட்டை அசையாமல் நின்று, கைகட்டி ஒப்பிக்க வேண்டும் என்பது வகுப்பு ஒழுங்கு. ஷீபா ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு வந்ததும் நின்றுவிடுவாள். ஆனால் என் மெஸ்ஸில் வரிசைக்கு எட்டுத் தட்டாக ஏழு வரிசை வைக்கச் சொல்லுங்கள். வைத்துக்கொண்டே போய்க் கடைசித் தட்டில் கை வைத்து ஐம்பத்தாறு என்பாள். (எங்களிடம் அவ்வளவு தட்டு இல்லை. குறைகிற இடத்துக்குத் தம்ளர்.) நிகோபார் தீவுகளை எழுதச் சொன்ன கேள்வியில் அவளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அதே தீவுகளை மேசைமேல் உப்பு டப்பாவும் ஊறுகாய் பாட்டிலுமாக வைத்து, அப்பாவின் கப்பல் எது எதில் நின்று போகும் என்று வரிசையாகக் காட்டுவாள். கட்சால் எப்போதும் ஊறுகாய் பாட்டில்தான். காரணம் கேட்டால் சிரிப்பாள். இதைப் படித்துவிட்டு, பிள்ளையை வேலை வாங்குகிறேன் என்று வேறு ஏதாவது பிரிவுக்கு எழுதிவிட வேண்டாம். அவளாக வந்து வைக்கிறாள். வேண்டாம் என்றால்தான் அழுகிறாள்.

5. ஆண்டுத் தேர்வில் வந்த ஒரு கணக்கைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன். ஒரு ரயில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இருநூற்று நாற்பது கிலோமீட்டர் சென்றால் எத்தனை மணிக்குச் சேரும்? ஷீபா எழுதிய விடை: "கடல் நல்லா இருந்தா 12 மணி. இல்லன்னா நாளைக்கு." எழுத்துகள் முன்னும் பின்னுமாகத்தான் கிடந்தன. ஆனாலும் படிக்க முடிந்திருக்கிறது. ஏனென்றால் பக்கத்தில் சிவப்பு மையில் சுழியம் போட்டு, "ரயில் கடலில் போகாது" என்று குறிப்பும் எழுதியிருந்தது. குறிப்பு சரிதான். எங்கள் ஊரில் ரயில் தரையிலும் போகாது ஐயா. பிறந்ததிலிருந்து அவள் பார்த்த வண்டி கப்பல்தான். ஜெட்டியில் போர்டைப் பார்த்துவிட்டு, அறிவிப்பு வரும்வரை மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் சனங்களுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை, புறப்பட்டால் போய்ச் சேரும் என்று எப்படித் துணிந்து எழுதுவாள்? இவ்வளவுக்கும் பன்னிரண்டு மணி என்பது சரியான விடை என்று டிக்கெட் கவுண்டரில் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார்கள்.

6. முடிவு வந்தது. ஷீபா தேறவில்லை. இந்த மாதக் கடைசியில் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் மறுபடியும் ஐந்தாம் வகுப்பு. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாரும் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள். மறுதேர்வுக்காகச் சிறப்பு வகுப்பும் நடக்கிறது. அதே பாடம், அதே கரும்பலகை, அதே பார்த்து எழுதுதல். சிறப்பு என்னவென்றால் குரல் சற்று உயர்ந்திருக்கிறது.

7. இதுவரை எழுதியதை நான் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இதை அப்படி எழுத முடியவில்லை. இங்கே மிக்ஸி கெட்டாலும் கப்பல் ஏற்றி மெயின்லேண்ட் அனுப்புவோம். பெரிய வியாதி என்றாலும் மெயின்லேண்ட்தான் என்பது தாங்கள் அறிந்ததே. போன வாரம் இரவு சாப்பிடும்போது ஷீபா என்னிடம் கேட்டாள்: "அம்மா, என் மூளைய அப்பா கப்பல்ல குடுத்து மெயின்லேண்ட் அனுப்பிச் சரி பண்ணிட்டு வர முடியுமா? மறுதேர்வுக்குள்ள வந்துருமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரும் அவளை மக்கு என்று சொன்னதில்லை, ஆசிரியரும் சொன்னதில்லை. அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

8. மறுநாளே வகுப்பாசிரியர் சிவப்பிரகாசம் அவர்களிடம் பேசினேன். அதற்கு நான் பள்ளிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவர் நான்கு வருடமாக மதியம் என் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார். நல்ல மனிதர். கை நீட்டமாட்டார், தனியாக டியூஷனுக்கு வா என்று சொல்லமாட்டார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறைதாம்மா. ஒருத்திக்கு மட்டும் மாத்துனா அது நியாயமா? பழகிட்டா வந்துரும்" என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல முதலில் தயிர் வாங்கிக்கொண்டார்.

9. இங்கேதான் அவருடைய வயிறு வருகிறது. ஆசிரியருக்கு வயிற்றுப்புண். எல்லாரும் கடைசியில் தயிர் சாப்பிடுவார்கள். அவர் முதலில் ஒரு பிடி தயிர்ச் சோறு சாப்பிட்டு வயிற்றைச் சமாதானப்படுத்திவிட்டு, பிறகு மீன் குழம்பைத் தொட்டும் தொடாமலும் சாப்பிடுவார். ரசத்தின் பக்கமே போகமாட்டார். இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. வந்த புதிதில் அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து, ஒரு நாள் தயிரை முதலில் வைத்தேன். அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது. அன்று அவர் தயிர்ச் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதைச் சொன்னதும் கேம்பல் பேயிலிருந்து என் கணவர் போனில், "நீ ஒண்ணும் ஏடாகூடமா செஞ்சு வச்சிராத" என்றார். அவர் சொல்வதற்குள் நான் வாசலில் சாக்பீஸால் எழுதிவிட்டேன்: நாளை ஒரு நாள் மட்டும் பள்ளி முறைச் சாப்பாடு.

10. மறுநாள் வழக்கத்தைவிடக் கூட்டம். பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகை விலை என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. மெஸ்ஸில் நான் அமல்படுத்திய முறை பின்வருமாறு. மணி அடித்த பிறகே உட்கார வேண்டும். நேராக உட்கார்ந்து கைகட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வரிசை: முதலில் சாம்பார், அடுத்து மீன் குழம்பு, அடுத்து ரசம், கடைசியில் தயிர். ஒன்று முடிக்காமல் அடுத்தது கிடையாது. அப்பளத்தை எப்போது கடிப்பது என்பதை நான் சொல்வேன். மறுசோறு கேட்கக் கூடாது. போர்ஷன் முடிக்க வேண்டும். மிச்சம் வைப்பவர் அடுத்த பந்தியிலும் அதே தட்டோடு உட்கார வேண்டும்.

11. சரக்கு இறக்கும் ஐயாவு அண்ணன் மூன்று முறை சோறு வாங்குகிறவர். ஒரு முறையோடு கைகட்டச் சொன்னதும், "சாயங்காலம் மூட்டைய உன் ரூலா வந்து தூக்கும்?" என்று கேட்டார். சாம்பாரைக் கண்டாலே ஆகாத பெங்காலிப் படகுக்காரர் ஒருவர், என்ன நடக்கிறது என்று புரியாமல், "தீதி, யே க்யா ஹோ ரஹா ஹை?" என்றார். சிலபஸ் என்றேன். நல்லவேளை, அந்தச் சொல் இந்தியிலும் அதேதான். அவர் மீன் வரும்வரை சாம்பாரை முறைத்துக்கொண்டே இருந்தார். கட்சாலுக்குக் கப்பல் பிடிக்க வேண்டிய ஒரு அம்மா அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டுப் போகலாமா என்று கெஞ்சியதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அந்த அளவில் நான் பள்ளியைவிட மோசமான நிர்வாகி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

12. அப்போது ஆசிரியர் வந்தார். உட்கார்ந்தார். சாம்பார் வந்தது. தயிரைக் கேட்டார். வரிசைப்படி கடைசியில் வரும் என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ரசம் முடித்தால்தான் தயிர் என்றேன். ஜெட்டியே திரும்பிப் பார்க்கும்படி அவர் குரல் எழும்பியது. அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்:

"என்னம்மா கூத்து இது! ஐயாவு வயிறும் என் வயிறும் ஒண்ணா? அவருக்கு ஒத்துக்கிறது எனக்கு ஒத்துக்குமா? ஆளுக்கு ஆள் வேறம்மா! எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டா அது நியாயம்னு எவன் சொன்னான்?"

எவன் சொன்னான் என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஐயாவு அண்ணன்தான் விசில் அடித்தார்.

13. அவரைப் பட்டினி போட எனக்கு எண்ணமில்லை. தயிரை மேசைக்கடியில் தயாராகவே வைத்திருந்தேன். நான் குனிந்து எடுப்பதற்குள் ஷீபா உள்ளேயிருந்து தட்டோடு வந்தாள். ஒரு பிடி சோறு, மேலே தயிர், உப்பு கொஞ்சம் குறைவாக. மீன் குழம்பு தனிக் கிண்ணத்தில். "சாருக்குத் தயிர்தான் மொதல்ல" என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்னுடைய திட்டம் அவளுக்குத் தெரியாது. அவருக்கு உப்புக் குறைவாக வேண்டும் என்பது எனக்கே தெரியாது. யாரும் அவளுக்கு எழுதிக் கொடுக்கவுமில்லை, நூறு முறை எழுதவும் சொல்லவில்லை. அவர் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த நேரம் நான் போட்ட வேடம் எல்லாம் எனக்கே மறந்துபோய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

14. ஆசிரியர் தட்டைக் காலி செய்தார். கைகழுவிவிட்டு வெகுநேரம் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "எனக்குப் புரியுதும்மா. ஆனா எழுத்துத் தேர்வுன்னுதான் உத்தரவு. நானா வாயால கேட்டு மார்க் போட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. மேலேயிருந்து ஒரு வரி வந்தாப் போதும்." மேலே என்றால் யார் என்று கேட்டேன். தங்கள் அலுவலகத்தைக் கையால் காட்டினார். என் மெஸ் வாசலிலிருந்து பார்த்தால் அது உண்மையிலேயே மேட்டில்தான் இருக்கிறது.

15. எல்லாருக்கும் ஒரே தேர்வு என்பதுதான் சமநீதி என்று தங்கள் அலுவலகத்திலும் சிலர் சொல்லக்கூடும். அவர்கள் ஒருமுறை கப்பல் ஏறிப் பார்க்கட்டும். அங்கே லைஃப் ஜாக்கெட்டைக்கூடப் பெரியவர்களுக்கு ஓர் அளவு, பிள்ளைகளுக்கு ஓர் அளவு என்றுதான் வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்குப் பெரியதை மாட்டிவிட்டு, எல்லாருக்கும் ஒன்றுதானே கொடுத்தோம் என்று யாரும் கரையில் நின்று சொல்வதில்லை.

16. ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிதல்ல. கேள்வியைக் குறைக்கச் சொல்லவில்லை. மதிப்பெண்ணைத் தானமாகவும் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்குக் கேட்கும் அதே கேள்விகளை ஷீபாவிடம் வாயால் கேட்கட்டும். எழுதித்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில், அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதட்டும். வாய்ப்பாட்டுக்குத் தட்டோ தம்ளரோ எதையாவது கையில் கொடுக்கட்டும். நானே கழுவிக் கொண்டுவந்து தருகிறேன். இந்த ஏற்பாட்டை அவள் பெயரோடு நிறுத்தாமல், டாக்டரம்மா சீட்டு கோப்பில் தூங்கும் மற்ற பிள்ளைகளுக்கும் செய்தால் தங்களுக்குப் புண்ணியமாகும். ரயில் கணக்கை மட்டும் கப்பல் கணக்காக மாற்ற வேண்டாம். இத்தனை பாடுபட்ட பிறகு அவளுக்கு ரயிலின்மேல் ஒரு கோபம் இருக்கிறது, அதை ஒரு கை பார்க்கட்டும்.

17. ஐயம் இருந்தால் தாங்களே நேரில் வந்து அவளைச் சோதிக்கலாம். மதிய வேளையாக இருந்தால் நல்லது. மீன் குழம்பு இலவசம் என்று எழுதினால் லஞ்சமாகிவிடும், ஆகவே விலை கொடுத்தே உண்ணலாம். தங்களுக்கு எது முதலில், எது கடைசியில், எது ஆகாது என்பதை ஷீபா ஒரே வேளையில் தெரிந்துகொள்வாள். அடுத்த முறை வரும்போது தாங்கள் வாய் திறக்க வேண்டியிருக்காது.

18. மெஸ்ஸில் அன்று நடந்ததற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதாக இருந்தால் தாராளமாக எடுக்கவும். அந்த முறையில் ஒரு வேளைக்கு மேல் சாப்பாடு போடுவது கொடுமை என்று தீர்ப்பு எழுதவும். அந்தத் தீர்ப்பின் ஒரு நகலைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டால் எனக்குப் போதும். மறுதேர்வுக்கு முன்னால் அந்த ஒரு வரி வந்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுதல். பிந்தி வந்தால், மூளை கப்பலேறிச் சரியாகி வரும்வரை காத்திருக்கச் சொல்லி என் பிள்ளையிடம் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு முடியாது ஐயா.

ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆகவே இந்த மனுவைத் தங்களுக்கு அனுப்பும் முன் ஆசிரியர் சிவப்பிரகாசம் அவர்களிடம் படிக்கக் கொடுக்கிறேன். மறுப்பு ஏதும் இருந்தால் எழுதிக்கொள்ளட்டும் என்று கீழே இடம் விட்டிருக்கிறேன்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவளைப் போலத் தங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்,

லூசி மத்தியாஸ்
(கையொப்பம்)

இடம்: ஃபீனிக்ஸ் பே, போர்ட் பிளேர்
நாள்: 08.05.2025

ஆசிரியர் மறுப்பு எழுதுவதற்காக விட்ட இடம்:

எட்டாம் பத்தியில் நான் சொன்னதாக இருப்பது நான் சொன்னதே. பன்னிரண்டாம் பத்தியில் சொன்னதும் நான் சொன்னதே. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தேன். ரயில் கணக்கில் மாணவி ஷீபாவின் விடை சரி. சுழியம் போட்டது நான். மறுதேர்வில் அவளிடம் வாய்மொழியாகக் கேட்க நான் தயாராக இருக்கிறேன், உத்தரவு மட்டும் வேண்டும். மேலே குறிப்பிடப்பட்ட வயிறு என்னுடையதே.

சிவப்பிரகாசம்,
வகுப்பாசிரியர், ஐந்தாம் வகுப்பு
(கையொப்பம்)